ஃபோர்க் ஸ்டியரரை எவ்வளவு வெட்டுவது? வெட்டிய பிறகு ஹெட்செட்டை எப்படி முடுக்குவது?

மருதமலை ஏற்றம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஒரு பழைய 26 இன்ச் மலை சைக்கிள் இருக்கிறது. குரோமோலி ஸ்டீல் ஃபிரேம், நல்ல நிலையில் உள்ளது. முன்னால் இருந்த சஸ்பென்ஷன் ஃபோர்க் மட்டும் சீல் போய், எண்ணெய் ஒழுகி, அமுக்கினால் மேலே வருவதே இல்லை. ரிப்பேர் செலவைக் கேட்டுவிட்டு, அதற்குப் பதில் சாதாரண ஸ்டீல் ரிஜிட் ஃபோர்க் ஒன்று வாங்கிவிட்டேன்.

ஸ்டியரர் (ஃபோர்க்கிலிருந்து மேலே போய் ஃபிரேமுக்குள் நுழையும் குழாய்) 1⅛ இன்ச், மரை இல்லாத வகை. வெட்டப்படாமல் 300 மிமீ நீளத்துக்கு வந்திருக்கிறது. அது நுழையும் ஃபிரேமின் முன்குழாய், அதாவது ஹெட் டியூப், 120 மிமீ தான். மேலே ஏகப்பட்ட குழாய் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்பேசர் (உயரத்துக்காக இடையில் போடும் வளையம்) இல்லாமலே, ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மை ஹெட்செட் (ஸ்டியரர் திரும்பும் பேரிங் செட்) மேல் உட்கார வைத்து, அதற்கு மேல் இருப்பதை ஒரேயடியாக வெட்டிவிடலாம் என்று நினைக்கிறேன், பார்க்கவும் அழகாக இருக்கும். பக்கத்துத் தெருவில் லேத்து பட்டறை இருக்கிறது, அங்கே கொடுத்தால் பத்து நிமிட வேலை.

இதில் கவனிக்க வேண்டியது என்ன?

---

பட்டறைக்காரன் எழுதியது:

தம்பி, இன்னும் வெட்டவில்லையே? நல்லது. வெட்டிய குழாயை ஒட்ட வழி கிடையாது. ஸ்டியரரில் வெல்டிங் வைத்து நீட்டுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓடும்போது அது முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

முதலில் கணக்கு. ஹெட்செட்டின் கீழ்க் கப்பின் உயரம், ஹெட் டியூப், மேல் கப்பும் மூடியும் சேர்ந்த உயரம், நீங்கள் போடப்போகும் ஸ்பேசர், ஸ்டெம் குழாயைப் பிடிக்கும் பகுதியின் உயரம், இவை எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதிலிருந்து 3 மிமீ கழியுங்கள். கிரவுன் ரேஸ் (ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் கிரவுனில் மாட்டும் பேரிங் வளையம்) உட்காரும் மேடையிலிருந்து குழாயின் மேல் நுனி வரை இருக்க வேண்டிய நீளம் அதுதான்.

அந்த 3 மிமீ ஏன் என்று பலர் கேட்பார்கள். உச்சியில் போல்ட்டோடு வரும் டாப் கேப் அழுத்த வேண்டியது ஸ்டெம்மையோ அதன் மேல் உள்ள ஸ்பேசரையோதான், குழாயை அல்ல. குழாய் நுனி மேல்மட்டத்துக்குச் சமமாக நின்றால் கேப் குழாயில் போய் முட்டி நின்றுவிடும். போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் பேரிங்குக்கு அழுத்தம் போகாது, ஆட்டமும் போகாது.

இரண்டாவது, ஸ்பேசர் இல்லாமல் ஒரே வெட்டு வேண்டாம். உங்கள் முதுகுக்கும் கைக்கும் எந்த உயரம் ஒத்துவரும் என்று ஸ்கேல் சொல்லாது. ஸ்டீல் குழாய் தானே, முதல் வெட்டை நீளமாகவே வெட்டுங்கள். ஸ்பேசரை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டுச் சில வாரம் ஓட்டுங்கள். மருதமலை ஏறி இறங்கிய பிறகும் கை மரத்துப்போகவில்லை, கழுத்து வலிக்கவில்லை என்றால் அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு இரண்டாவது வெட்டு.

ஃபோர்க்கின் உயரத்தையும் பார்த்தீர்களா? அச்சிலிருந்து கிரவுன் வரை பழையது எவ்வளவு, புதியது எவ்வளவு?

---

மருதமலை ஏற்றம் எழுதியது:

நன்றி அண்ணே. பழையது 455 மிமீ, புதியது 440.

அளந்துவிட்டேன். கீழ்க் கப்பு 12, ஹெட் டியூப் 120, மேல் கப்பும் மூடியும் 15, ஸ்டெம் 40. மொத்தம் 187 வருகிறது.

---

பட்டறைக்காரன் எழுதியது:

15 மிமீ வித்தியாசம் பரவாயில்லை. சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது கொஞ்சம் அமுங்கும், அதனால் ஓட்டும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பொதுவாக 20 மிமீ குறைந்தால் ஹெட் டியூப் கோணம் ஒரு டிகிரி அளவுக்குச் செங்குத்தாகும், ஹேண்டில் திரும்புவதில் துடிப்பு கூடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

187 உடன் 55 மிமீ ஸ்பேசர் சேர்த்து, 3 கழித்தால் 239. முதல் வெட்டு 239 மிமீயில் போடுங்கள். 55 மிமீயையும் ஸ்டெம்முக்குக் கீழேயே போட வேண்டும் என்பதில்லை. பாதி கீழே, பாதி மேலே என்று தொடங்குங்கள். ஸ்டீல் என்பதால் கொஞ்ச நாளைக்கு இது ஓடும்.

---

ஈசிஆர் காற்று எழுதியது:

லேத்து பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபோர்க்கைச் சக்கில் பிடித்துச் சுற்ற விடவே கூடாது. குழாய் நடுவில் சுற்றும்போது இரண்டு கால்களும் விசிறி மாதிரி வெளியே சுழலும். அச்சிலிருந்து விலகிய எடை, பிடி நழுவினால் யார் மேல் போய் விழும் என்றே சொல்ல முடியாது. நல்ல பட்டறைக்காரர் அதைச் சுற்ற மாட்டார், வைஸில் பிடித்து ரம்பத்தால்தான் வெட்டித் தருவார். அதை நீங்களே வீட்டில் செய்யலாம்.

என் கருத்தில் குழாய் வெட்டும் கட்டர்தான் சுலபம். பிளம்பர்கள் செம்புக் குழாய்க்கு வைத்திருப்பார்களே, சக்கரம் வைத்தது. சுற்றச் சுற்ற நேராக வெட்டும். ரம்பம் பிடித்துப் பழக்கமில்லாதவருக்கு அதுதான் நல்லது.

---

பட்டறைக்காரன் எழுதியது:

> என் கருத்தில் குழாய் வெட்டும் கட்டர்தான் சுலபம்.

நேராக வெட்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் உலோகத்தை அறுப்பதில்லை, அமுக்கிப் பிளக்கிறது. நுனியில் வெளிப்பக்கம் லேசாக உதடு எழும்பும், உள்பக்கம் பிசிறு மடங்கும். வெளியே உதடு இருந்தால் ஸ்டெம் நுழையும்போது கீறும், சில நேரம் நுழையவே நுழையாது. உள்ளே பிசிறு இருந்தால் ஸ்டார் நட் (டாப் கேப் போல்ட் பிடிப்பதற்காகக் குழாய்க்குள் அடித்து இறக்கும் நட்) கோணலாக இறங்கும். கட்டரில் வெட்டினால் அரம் வேலை இரண்டு மடங்கு என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிள் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். சூடேறும், வெட்டுவாய் கோணும்.

ரம்பம் போதும். இன்ச்சுக்கு 32 பல் உள்ள நெருக்கமான பிளேடு வாங்குங்கள். 1⅛ இன்ச் ஸ்டீல் ஸ்டியரர் வெளியே 28.6 மிமீ, உள்ளே பெரும்பாலும் 25.4. அப்படியென்றால் சுவர் 1.6 மிமீ தான். பெரிய பல் வைத்த பிளேடு அந்த மெல்லிய சுவரில் மாட்டிக்கொண்டு துள்ளும்.

நேராக வர ரம்ப வழிகாட்டி என்று ஒரு கருவி உண்டு. ஒரே ஒரு ஃபோர்க்குக்காக அதை வாங்க வேண்டாம். இரண்டு பழைய ஸ்டெம்களைக் குழாயில் எதிரெதிரே போட்டு, நடுவில் பிளேடு போகும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு முடுக்குங்கள். ஸ்டெம் கிடைக்கவில்லையா, தோட்டத்துக் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப் இரண்டு போதும். கிளிப்பின் விளிம்பு குழாயைச் சுற்றி ஒரே மட்டத்தில் நிற்கும், அதையே ஒட்டி அறுங்கள்.

வைஸில் பிடிக்கும்போது கட்டைத் துண்டு வைத்துப் பிடியுங்கள், இரும்புத் தாடையில் நேராக மாட்ட வேண்டாம். ஒரே பக்கத்திலிருந்து முழுக்க அறுத்துக்கொண்டே போகாதீர்கள். கொஞ்சம் அறுத்ததும் ஃபோர்க்கைத் திருப்பி அடுத்த பக்கம், அப்புறம் அடுத்த பக்கம். கடைசியில் துண்டு விழும் நேரத்தில் அதைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொங்கும் எடையில் ஓர் ஓரம் கிழிந்து நிற்கும்.

பிறகு தட்டை அரத்தால் வெளி விளிம்பு, அரைவட்ட அரத்தால் உள் விளிம்பு. விரலை வைத்துச் சுற்றினால் எங்கேயும் பிராண்டக் கூடாது. இரும்புத் தூள் ஒன்றும் பேரிங் பக்கம் போகக் கூடாது, அதனால் இந்த வேலை முடிந்து துடைத்த பிறகுதான் கிரீஸ் டப்பாவைத் திறக்க வேண்டும்.

---

கிராவல் நிலா எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் சைக்கிளில் கார்பன் ஃபோர்க், ஸ்டியரரும் கார்பன். ஸ்டெம்மை 10 மிமீ இறக்க வேண்டும். இதே ரம்பம், இதே முறை பொருந்துமா?

---

ஸ்காபரோ குளிர் எழுதியது:

இல்லை, கார்பனில் பல விஷயம் வேறு. நான் இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து இப்படிப்பட்ட வேலைகளைத்தான் செய்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில், 10 மிமீ இறக்க வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. கீழே இருக்கும் 10 மிமீ ஸ்பேசரை எடுத்து ஸ்டெம்முக்கு மேலே போட்டால் முடிந்தது. அதில் சில மாதம் ஓட்டுங்கள். பிறகும் வெட்ட வேண்டும் என்று தோன்றினால் மட்டும் கீழே உள்ளதைப் படியுங்கள்.

குழாய் கட்டர் கார்பனை நசுக்கிவிடும், தொடவே கூடாது. பல் வைத்த பிளேடுக்குப் பதில், விளிம்பில் பொடிக்கற்கள் பதித்தது போல வரும் கார்பைடு பிளேடு நல்லது. அது கிடைக்காவிட்டால் புதிய 32 பல் பிளேடு. வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் இறுக்கமாக ஒட்டி, டேப் மேல் குறி போடுங்கள், இழை பிரியாது. மெதுவாக, அழுத்தாமல் அறுங்கள்.

கார்பன் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. முகக் கவசம், கையுறை இரண்டும் கட்டாயம். வெட்டும் இடத்தைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருந்தால் தூள் பறக்காது. ஈரத் துணியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள், ஊதித் தள்ளாதீர்கள். வெட்டிய நுனியை மெல்லிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, துளி சூப்பர் குளூ தடவினால் இழைகள் அடைபட்டு நிற்கும்.

அப்புறம் ஸ்டார் நட். உலோகக் குழாயில் சுத்தியால் அடித்து இறக்கும் அந்த நட்டை கார்பனில் அடித்தால் உள்சுவர் கீறிப் பிளந்துவிடும். கார்பனுக்கு உள்ளே விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர்தான். ஸ்டெம் பிடிக்கும் இடத்துக்கு அது உள்ளிருந்து தாங்கலும் கொடுக்கும்.

---

வல்லைவெளி எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னட்டை இருக்கிறது அப்பாவின்ர பழைய ராலே சைக்கிள். அதில ஸ்டியரரில மரை இருக்கு, ஸ்டெம் குழாய்க்கு உள்ளுக்குள்ள இறங்குது. நீங்கள் எல்லாரும் கதைக்கிற டாப் கேப், ஸ்டார் நட் ஒண்டும் இதில இல்லை. வேற ஃபோர்க் ஒண்டு கிடைச்சிருக்கு, ஆனால் குழாய் நீளம் கூட. இதையும் வெட்டலாமோ அண்ணை?

---

பட்டறைக்காரன் எழுதியது:

வெட்டலாம். உங்களுடையது மரை வைத்த பழைய முறை. 1990களின் தொடக்கத்தில் மரையில்லா ஹெட்செட் சந்தைக்கு வந்தது. அதுவரை நல்ல சைக்கிள், சாதாரண சைக்கிள் எல்லாவற்றிலும் உங்களுடையதைப் போன்றதுதான். நம் ஊர் ரோட்ஸ்டர் சைக்கிளில் இன்றும் அதுதான் வருகிறது.

வெட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பாருங்கள். பழைய ராலே 1 இன்ச் குழாயில் இன்ச்சுக்கு 26 மரை வெட்டியிருக்கும். மற்ற 1 இன்ச் ஃபோர்க்குகளில் பெரும்பாலும் 24 மரை. உங்கள் பழைய நட் புதிய ஃபோர்க்கில் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகினால் ஸ்பானர் போட்டு முறுக்காதீர்கள், மரை அழிந்துவிடும். ஃபோர்க் 24 மரை என்றால் அதற்கேற்ற ஹெட்செட் வாங்க வேண்டும். கிரவுன் ரேஸ் உட்காரும் இடத்தையும் வெர்னியரில் அளங்கள். 1 இன்ச்சில் 26.4, 27.0 என்று இரண்டு அளவும் புழக்கத்தில் உண்டு.

வெட்டும் முறை: ஒரு நட்டை வெட்டும் குறிக்குக் கீழே வரை ஏற்றிவிட்டு, பிறகு அறுங்கள். அறுத்து, அரம் போட்ட பின் அந்த நட்டைக் கழற்றும்போது நுனி மரையில் மடங்கியிருக்கும் பிசிறை அதுவே நேராக்கிக்கொண்டு வெளியே வரும்.

பழைய முறையில் முடுக்குவது மேல் கோனும் (பேரிங்கை அமுக்கும் மரை வைத்த வளையம்) லாக் நட்டும். கோனைக் கையால் ஆட்டம் போகும் வரை இறக்கி, நாக்கு வைத்த வாஷரைப் போட்டு, லாக் நட்டை அதன்மேல் இறுக்க வேண்டும். லாக் நட் இறுகும்போது கோனும் சேர்ந்து கொஞ்சம் இறுகும், அதனால் கோனை ஒரு பிடி தளர்வாகவே விட்டுவிட்டு லாக் நட்டை முடுக்குங்கள். ஒரே தடவையில் வராது, பொறுமை வேண்டும். ஹேண்டில் கம்பியில் உள்ள குறைந்தபட்ச அளவுக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தி வைக்காதீர்கள்.

---

வல்லைவெளி எழுதியது:

நல்லா விளங்கிச்சு அண்ணை, நன்றி. மரையை முதல்ல பாக்கிறன்.

---

மருதமலை ஏற்றம் எழுதியது:

வெட்டியாகிவிட்டது! ஹோஸ் கிளிப் வைத்து, 32 பல் பிளேடில், 239 மிமீ. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், நேராக இருக்கிறது. ஸ்டார் நட்டை நீளமான எம்6 போல்ட்டில் மாட்டி, குழாய் நுனியிலிருந்து 15 மிமீ ஆழத்துக்கு அடித்து இறக்கினேன். கிரவுன் ரேஸை மட்டும் தெரிந்த ஒரு கடையில் அடித்து வாங்கினேன்.

இப்போது பிரச்சினை. எல்லாம் மாட்டி ஒரு சுற்று ஓட்டினேன். முன் பிரேக் பிடித்து ஆட்டினால் "டொக்" என்று ஒரு சத்தம். டாப் கேப்பை முடுக்கினால் சத்தம் நிற்கிறது, ஆனால் ஹேண்டில் இறுகிப்போய்த் திரும்ப மறுக்கிறது. தளர்த்தினால் ஹேண்டில் சுலபமாகத் திரும்புகிறது, சத்தம் திரும்ப வருகிறது. நடுவில் ஒரு நிலையே கிடைக்கவில்லை. போல்ட்டை இன்னும் பலமாக முடுக்கலாமா?

---

பட்டறைக்காரன் எழுதியது:

முடுக்கக் கூடாது. ஃபோர்க்கைப் பிடித்து நிறுத்துவது டாப் கேப் இல்லை, ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள்தான். கேப்பின் வேலை ஆட்டம் போகும் அளவுக்கு மேலிருந்து அமுக்குவது மட்டும். ஸ்டெம்மை முடுக்கிய பிறகு கேப்பைக் கழற்றி வைத்தாலும் ஃபோர்க் கீழே வராது. கேப்பைப் பலம்கொண்டு முறுக்கினால் ஒன்று ஸ்டார் நட் மேலே ஏறி வரும், இல்லை பேரிங் கெட்டுப்போகும்.

வரிசை இது. ஸ்டெம் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் முதலில் தளர்த்த வேண்டும். அது இறுகியிருக்கும்போது கேப்பை முடுக்குவதில் பயனே இல்லை. ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரல் நுனியில் பிடித்து, கேப்பைக் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்குங்கள். பிரேக் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஆட்டம் போன அந்த இடத்தில் நிறுத்துங்கள். முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் விழ வேண்டும். பிறகு சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மைப் பார்த்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஸ்டெம்மிலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 5 அல்லது 6.

இப்படிச் செய்தும் நடுநிலை கிடைக்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. ஹேண்டிலை 90 டிகிரி திருப்பி வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அப்போது சத்தம் காணாமல் போனால் பிரேக் கட்டையோ ஹப்போ காரணம். அப்போதும் ஆடினால் ஹெட்செட்தான். ஒரு விரலைக் கீழ்க் கப்பும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் சுற்றி வைத்து, மறு கையால் ஆட்டிப் பாருங்கள். அடுத்து மேல் கப்பில். எங்கே விரலுக்குத் தட்டுகிறது என்று சொல்லுங்கள்.

---

ஈசிஆர் காற்று எழுதியது:

மேல் கப்பில் தட்டினால் அந்தப் பிளவு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மேல் பேரிங்குக்கும் குழாய்க்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறங்கும் சிறிய வளையம். கழற்றி மாட்டும்போது அது துணியோடு போய்விடும், அல்லது தலைகீழாக மாட்டுவார்கள். எங்கள் பக்கம் கடல் காற்றில் அதுவே துருப்பிடித்துக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், அதனால் நான் வருடம் ஒருமுறையாவது கழற்றி கிரீஸ் வைக்கிறேன்.

---

மருதமலை ஏற்றம் எழுதியது:

90 டிகிரி திருப்பியும் ஆடுகிறது. மேலே வளையம் சரியாக இருக்கிறது, அங்கே தட்டவில்லை. விரலுக்குத் தட்டுவது கீழேதான்.

ஃபோர்க்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கிரவுன் ரேஸுக்கும் ஃபோர்க் மேடைக்கும் நடுவில், பின்பக்கம் முடி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. முன்பக்கம் ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் தூக்கியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மேடையில் தடிமனான கறுப்புப் பெயிண்ட்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

கிடைத்துவிட்டது. ரேஸ் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் பேரிங்கும் சாய்ந்து ஓடுகிறது. ஒரு பக்கம் இறுகும்போது மறுபக்கம் தளர்வாக இருக்கும், அதனால்தான் நடுநிலை வரவில்லை.

ரேஸை அடியிலிருந்து சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றுங்கள், ஒரே இடத்தில் அடித்தால் வளையும். மேடையிலும், ரேஸ் கவ்வும் வட்டத்திலும் உள்ள பெயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து உலோகம் தெரிய வையுங்கள். வட்டத்தில் அதிகம் தேய்த்து அளவைக் குறைத்துவிடாதீர்கள், அங்கே 30.0 மிமீ இருக்க வேண்டும். பெயிண்ட் போனால் போதும். துளி கிரீஸ் தடவி, ஸ்டியரர் மேல் தளர்வாக நுழையும் நேரான குழாய் ஒன்றை வைத்து அடியுங்கள். ரேஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் மந்தமாக இருக்கும். முழுக்க உட்கார்ந்த நொடியில் "டங்" என்று கெட்டியாக மாறும். காதுக்கே தெரியும். பிறகு டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள், வெளிச்சம் எங்கேயும் ஊடுருவக் கூடாது.

---

மருதமலை ஏற்றம் எழுதியது:

அண்ணே, அதேதான். சத்தம் மாறியது அப்படியே கேட்டது. இப்போது கேப்பை விரல் நுனியில் முடுக்கினேன், ஆட்டம் நின்றது, சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகச் சாய்கிறது. ரொம்ப நன்றி.

ஓட்டிப் பார்த்ததில் ஸ்டெம்முக்குக் கீழே 20 மிமீ ஸ்பேசர் எனக்குப் பொருந்துகிறது. அதற்குக் கீழே இறக்கினால் இறக்கத்தில் கழுத்து வலிக்கிறது. இரண்டாவது வெட்டில் மேலே 10 மிமீ ஸ்பேசர் மட்டும் விடட்டுமா? 187, 20, 10 கூட்டினால் 217, 3 கழித்தால் 214.

---

பட்டறைக்காரன் எழுதியது:

சரியான கணக்கு. மேலே இருக்கும் அந்த 10 மிமீயை அழகுக்காக வெட்ட வேண்டாம். நாளைக்கு ஸ்டெம் மாற்றினாலோ, சைக்கிள் வேறொருவர் கைக்குப் போனாலோ அது உதவும்.

வெட்டுவதற்கு முன் ஸ்டார் நட்டை மறக்காதீர்கள். இப்போது அது 239இன் நுனியிலிருந்து 15 மிமீ கீழே, அதாவது 224இல் நிற்கிறது. வெட்டப் போவது 214. நட் வெட்டுக்கு மேலே மாட்டிக்கொள்ளும். அதை மேலே இழுத்து எடுக்க முயலாமல், அதே போல்ட்டால் இன்னும் கீழே, 199க்கு அடித்து இறக்கிவிட்டு அறுங்கள். உள்ளே தூள் விழும், கவிழ்த்துத் தட்டிவிடுங்கள்.

---

கிராவல் நிலா எழுதியது:

நான் வெட்டவில்லை, ஸ்பேசரை மேலே மாற்றினேன். ஆனால் ஒரு சந்தேகம், கீழே இப்போது 25 மிமீ, மேலே 10 மிமீ இருக்கிறது. கார்பனுக்கு இவ்வளவு இருக்கலாமா?

---

ஸ்காபரோ குளிர் எழுதியது:

மேலே இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், குறைந்தது 5 மிமீயாவது மேலே இருப்பது கார்பனுக்கு நல்லதுதான். அப்போதுதான் ஸ்டெம் முழு உயரத்துக்கும் குழாயைப் பிடிக்கும், நுனியில் மட்டும் கவ்வி நசுக்காது. ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை மிமீ வரை போடலாம் என்பதை உங்கள் ஃபோர்க்கின் கையேட்டில் பாருங்கள். பல கம்பெனிகள் 30 முதல் 40 மிமீ வரை வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் 25 அதற்குள் வரும், ஆனாலும் உங்கள் ஃபோர்க்குக்கு உரிய எண்ணைப் பார்த்துவிடுங்கள். ஸ்டெம் போல்ட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்காதீர்கள். உங்களிடம் இல்லையென்றால் இருக்கும் கடைக்கு எடுத்துப் போங்கள்.

---

பட்டறைக்காரன் எழுதியது:

இருவருக்கும் ஒன்று. புதிதாக மாட்டிய ஹெட்செட் முதல் சில ஓட்டங்களில் இன்னும் கொஞ்சம் உட்காரும், லேசாக ஆட்டம் திரும்ப வரலாம். பிரேக் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இருந்தால் ஸ்டெம்மைத் தளர்த்தி, கேப்பை மெல்லத் தொட்டு, மறுபடி ஸ்டெம். ஆட்டத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பேரிங் ரேஸில் குழி விழும். ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில் "டிக்" என்று பள்ளத்தில் விழுவது போல மாட்டும். அதற்கு மேல் முடுக்கியும் பயனில்லை, பேரிங் செட்டே புதிதாகப் போட வேண்டும்.